தாது பார்த்தல்

மூன்றாம் இரவு
ஹிலாரியோனின் மணிக்கட்டைப் பிடித்தேன்.
தாது நூலாக ஓடிற்று.
நாலாயிரம் மீட்டருக்கு மேலே
எல்லார் இதயமும் கொஞ்சம் முந்தித்தான் ஓடும்.
இது ஓட்டமில்லை, ஒழுக்கு.
அடித்தையல் விட்ட தோல்பை மாதிரி
கட்டிலில் கிடந்தான்.

முப்பத்தெட்டு வயசு.
கல்லைத் தின்றாலும் கரைகிற வயிறு
என்று முகாமே கண்வைத்திருந்தது.
கார்னிவல் தீர்ந்துபோகும் நேரத்தில்
மக்காச்சோளக் கள்ளில் யாரோ
ஓடைத் தண்ணீரை ஊற்றிப் பெருக்கியிருக்கிறார்கள்.
எட்டுப் பேர் படுத்தார்கள்.
ஏழு பேர் எழுந்தார்கள்.

சாலையில் மறியல்.
வாத்தியார்கள் பாறை உருட்டி, டயர் கொளுத்தி
பத்து நாளாகிறது.
கேட்பது நியாயம்தான்
(எனக்கும் நாலு மாதச் சம்பளம் பாக்கி).
மருந்து லாரி புகைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.
என் அலமாரியைத் திறந்தால்
பல்லை இளிக்கிறது.

செனோபியா முந்தானை மூட்டையை அவிழ்த்தாள்.
உள்ளே சாம்பல் நிறக் களிமண்,
சந்தையில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் விற்பது.
“கிழங்கின் கசப்பை இது பிடித்துக்கொள்ளும்.
வயிற்றில் இருப்பதை மட்டும் விட்டுவிடுமா?”
இதற்கு மறுப்புச் சொல்லத்தான்
சுக்ரேயில் மூன்று வருஷம் படிக்கவைத்தார்கள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீரை மட்டும்
நானே கொதிக்கவைத்தேன்.

அப்புறம் உப்பு.
ஊயுனியின் வெள்ளைப் பாலை,
ஒரு காலத்து ஏரி.
லிட்டருக்கு அரைக் கரண்டி,
ஆறு கரண்டி சர்க்கரை.
விடிய விடிய
ஒரு செத்த ஏரியை
மிடறு மிடறாக அவனுக்குள் திருப்பி ஊற்றினோம்.

கடைசித் தட்டின் மூலையில்
போன டாக்டர் விட்டுப்போன ஒரு பெட்டி.
ரோஸ் மாத்திரை. எழுத்துக்கூட்டி வாசித்தேன்:
பிஸ்மத்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது.
சிரிக்கத் தெம்பில்லை, விலா மட்டும் ஆடியது.
பத்தொன்பது வருஷமாய்த் தோண்டுகிற சனியன்.
கோழிமுட்டை அளவு கட்டி
தோளையே கீழே இழுக்கும்.
மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.
“இதை இவ்வளவு லேசாக
யார் ஆக்கினார்கள்?”

ரயிலேறி, கப்பலேறி,
எந்த ஊரிலோ குளித்துச் சாயம் பூசி
விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு
வந்திருக்கிறது, பிறந்த வீட்டுக்கு.

மறுநாள் நாக்கு கன்னங்கறுப்பு.
செனோபியா அலறினாள்:
சுரங்கத்துக்குள் வாயில் சுருட்டோடு உட்கார்ந்திருக்கிற மாமா,
கொம்பு வைத்த அந்த மாமா
இவனை நக்கிப் பார்த்துவிட்டாராம்.
சமாதானம் சொல்ல நான் வாயெடுக்குமுன்
கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்தபடி
அவனே வந்தான்.

“ரத்தமில்லை, பயப்படாதே.
அந்தக் கறுப்பை எனக்குத் தெரியும்.
எட்டாம் மட்டத்தில்
மேற்குச் சுவரில் ஓடுகிற நரம்பு.”

ஜன்னி என்று நினைத்தேன்.
ராத்திரி பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டினால்
குடலில் இருக்கும் கந்தகமும்
மாத்திரையின் பிஸ்மத்தும் கைகோர்த்தால்
வருவது அதே கறுப்புத் தாதுதானாம்.
மலை கோடி வருஷம் அடைகாத்ததை
ஒரு மனுஷ வயிறு
ஒரே ராத்திரியில்.

பதிவேட்டில் ‘கொடுத்த மருந்து’
ஒரே ஒரு கட்டம்.
மண், உப்பு, கல் என்று எழுதினால்
மாவட்ட ஆபீசில் சிரிப்பார்கள்.
எது கேட்டது?
எதுவுமே கேட்காமல்
உடம்பே அடம்பிடித்து எழுந்துகொண்டதா?
எனக்குத் தெரியாது.
ஆறாம் நாள் மணிக்கட்டில் விரல் வைத்தேன்.
தாது கயிறாக ஓடிற்று.
அதை மட்டும் எழுதினேன்.

வியாழன் சாலை திறந்தது.
லாரி நிறைய ஆன்டிபயாட்டிக்.
இறக்கிவைக்கக் கூப்பிட்டால்
அவன் குழிக்குள் இறங்கிவிட்டிருந்தான்.

சாயங்காலம் வந்து
மேசைமேல் எதையோ ‘தொப்’பென்று வைத்தான்.
ஈய நிறத்தில், ஊசி ஊசியாய் மின்னும் கட்டி.
“பன்னிரண்டு மாத்திரைக்கு.
மிச்சம் இருந்தால்
சில்லறை வேண்டாம்.”

கதவைத் திறந்தால் இங்கே
காற்று பேயாக வரும்.
பதிவேட்டின் தாள்
இப்போதெல்லாம் பறப்பதில்லை.